குதிரைக் கழுத்தில் கட்டிய மண்

1

இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். புத்தூர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் படித்தேன். அதிலும் பாதி தெலுங்கு. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கக் கூசுகிறவள். படித்தவர்கள் கடல் கடந்த அனுபவங்களை எழுதுகிற பத்திரிகைப் பக்கத்தில் என் எழுத்தும் வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பிழை இருந்தால் என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊர்ப்பக்கத்தை வேண்டாம்.

போன ஆடி மாதம், ஊரில் ராஜா திருவிழா நடக்கிற அதே நாளில், பினாங்கில் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. நான் எழுதாவிட்டால் அதை எழுத வேறு யாரும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்தேன்.

என் கணவர் முனிரத்தினம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். தை மாதம் பலகை சறுக்கி விழுந்து வலது கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. வலி இல்லை என்று அவரே சொன்னார். ஆனால் அந்தக் காலைத் தரையில் வைக்க மாட்டேன் என்றார். கட்டிலில் இருந்து பின்கட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்துவார். ஆவணி பிறப்பதற்குள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போடுவோம், இந்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கால் ஏன் ஊன்றவில்லை என்று எனக்குத் தெரியும். அதை ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது?

2

எங்கள் கிராமம் நகரிக்குப் பக்கம். வயல் வழியாகத் திருத்தணிப் பக்கம் நடந்தால் ஓர் ஏரிக்கரை வரும். கரையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மண்குதிரை நிற்கும். முதுகில் சேணம் உண்டு, சேணத்தின் மேல் ஆள் இல்லை. அதுதான் ராஜா கோயில். அந்தக் காலத்தில் அந்த எல்லையை ஆண்ட சின்னப் பாளையக்காரர் ஒருவர் அங்கே சண்டையில் செத்தாராம். உடல் கிடைக்கவில்லை, குதிரை மட்டும் திரும்பி வந்ததாம். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. கார்வேட்டிநகரத்து அரண்மனைக்காரரைக்கூட எங்கள் ஊரில் ஜமீன் என்றுதான் சொல்வார்கள். ராஜா என்றால் இவர் ஒருவர்தான்.

ராஜாவிடம் வரம் கேட்கக் கூடாது. பிள்ளை வேண்டும், மழை வேண்டும் என்றால் அம்மன் இருக்கிறாள். பெரிய வேண்டுதல் என்றால் திருப்பதிக்கு நடந்து போய் மொட்டை போடுவோம். ராஜாவிடம் பிராது மட்டும் கொடுக்கலாம். எந்த இடத்தைப் பற்றிய வழக்கோ அந்த இடத்து மண்ணைத் துணியில் முடிந்து, குதிரைக் கழுத்தில் கட்டி, எதிராளி பெயரையும் நமக்கு வேண்டியதையும் உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு மனம் ஆறினால், கட்டினவர் கையாலேயே அவிழ்க்க வேண்டும். அந்த மண்ணை எதிராளி காலடியில் கொட்டி, அவர் மிதித்தால் ராஜி, வழக்கு சமாதானமாகத் தீர்ந்தது என்று அர்த்தம். சித்தூர் கோர்ட்டுக்குப் போனால் வக்கீலும் வாய்தாவும் பஸ்சுக்குக் காத்திருப்பதும்தான். ராஜாவுக்கு ஒரு முழத் துணி போதும்.

உயிரோடு இருந்தவரை அந்தப் பாளையக்காரரும் வரி வாங்கியிருப்பார், மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். செத்த பிறகு ஜனங்கள் அவரை ஓர் ஓரத்தில் உட்காரவைத்துத் தங்கள் சண்டையை எல்லாம் கேட்கச் செய்துவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் கப்பலேறுவதற்காக என் கணவர் கிணற்றில் தன் பங்கை வெளியூர் ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவருடைய அண்ணன் துரைசாமிக்கு அது தாங்கவில்லை.

"நானும் தம்பியும் ஒரே ஏத்தத்துல நின்னவங்க. இனிமே யாரோ ஒர்த்தன் மூஞ்சப் பாத்துக்கினு தண்ணி எறைக்கணுமா நானு?" என்று களத்துமேட்டில் நின்று கத்தினார். கிணற்றுச் சேற்றை அள்ளினார். தோளில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டின் முனையைக் கிழித்து முடிந்தார். நாங்களும் பின்னாலேயே ஏரிக்கரைக்குப் போனோம்.

"ராஜா! எந்தம்பி முனிரத்தினம் எம் பக்கத்துல வந்து நின்னு பதில் சொல்ற வரிக்கும், அவன் காலு எந்த மண்ணுலயும் ஊனக் கூடாது!"

என் கணவர் சிரித்தார். "கப்பல்ல போறவனுக்கு மண்ணு எதுக்குண்ணா?" என்றார்.

இத்தனை வருஷம் கழித்துக் கால் முறிந்த பிறகு அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

3

புத்தூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு எலும்பு முறிந்தால் கட்டுப்போடுகிறவர் கைதான் வைத்தியம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை அவிழ்த்து நடக்கச் சொல்லி அனுப்பிய பிறகும் அவர் நடக்காததால், கைவைத்தியம் செய்கிறவர் உண்டா என்று விசாரித்தேன். சீன மருந்துக்கடை மாடியில் ஒரு மங்கோலியர் இருக்கிறார் என்றார்கள். பாத்தர் என்று பெயர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அகன்ற கை, சின்னக் கண், குதிரைக்காரர் மாதிரி கால் அகட்டி நடப்பார்.

அவரைக் கூப்பிடப் போனபோது, மலாயில் பேச என் மகள் கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு போனேன். கஸ்தூரி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தெருவில் மலாய், பள்ளியில் இங்கிலீஷ். தமிழ் வீட்டில் மட்டும்தான். அதுவும் கேட்டதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு. ராஜா சங்கதியை அவள் அப்பா சொன்னபோது, "நைனா, அந்த ராஜா செத்து எவ்ளோ வருசமாச்சி? டாக்டர் எக்ஸ்ரே காட்டினாரில்ல?" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பினவள். அவர் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

பாத்தர் அறையில் ஒரு மூலையில் வெளிர்நீலத் துணி தொங்கியது. அதன் கீழே தாடி வைத்த ஒருவரின் படமும், எரிகிற விளக்கும், ஒரு கிண்ணத்தில் பாலும் இருந்தன. என் வாயில் தானாக வந்துவிட்டது: "ராஜா?"

மலாய்க்காரரும் ராஜா என்றுதான் சொல்வார்கள். பாத்தர் என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

அது செங்கிஸ்கானின் படம். பாத்தர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கஸ்தூரிதான் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருந்ததால் சொன்னாள். பாத்தர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். அவர்கள் ஆண்டவர் என்ற பொருளில் ஏதோ சொல்வார்களாம், பெயரைச் சொல்ல மாட்டார்களாம். ஏரிக்கரையை விட்டு இவ்வளவு தூரம் வந்து அதே வழக்கத்தைப் பார்க்கிறேனே!

பிறகு அவர் வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்க்க வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஓர்தோஸ் என்ற மணற்காட்டுப் பக்கம் ஆண்டவருக்கு வெள்ளைக் கூடாரங்கள் உண்டாம். அவற்றைக் காப்பது மட்டுமே அவர்கள் வகையறாவின் வேலை. அதற்காக வரியும் கிடையாது, பட்டாளத்துக்கும் போக வேண்டாமாம். யாரும் ஏறாத வெள்ளைக் குதிரை ஒன்று இருக்குமாம். வசந்தகாலத்தில் குதிரைப்பாலை வானத்துக்குத் தெளிப்பார்களாம். ஆண்டவர் வானம் அனுப்பிய பிள்ளை, பிறக்கும்போதே கைக்குள் ஒரு ரத்தக்கட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றெல்லாம் சொன்னார்.

கஸ்தூரிக்கு வாய் சும்மா இருக்காது. "புக்குல அவரு ஊரு ஊரா கொளுத்தினாருன்னு போட்டுக்கீதே, கேக்கட்டா?" என்றாள். நான் தடுப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

பாத்தர் கோபிக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்தபடி சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். "கொளுத்தினாராம். வெளில கீறவங்களுக்கு அவரு அப்பிடித்தானாம். வீட்டுக்குள்ள கீறவங்களுக்கு அப்பாவாம்."

ஜப்பான்காரன் சண்டையின்போது ஆண்டவரின் பொருள்களை எல்லாம் வண்டியில் ஏற்றி மேற்கே கொண்டுபோனார்களாம். வாலிபராக இருந்த பாத்தர் கூடவே போனார். பிறகு அரசாங்கம் மாறியது, அவர் தெற்கே வந்து ஹாங்காங்கில் கிடந்து இங்கே வந்துசேர்ந்தார். இப்போது பொருள்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் பெரிய கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்களாம். அவர் அதைப் பார்த்ததில்லை. விளக்குக்குத் திரி போடும் முறை அவர் வீட்டுக்கு இருந்தது. இப்போது யார் போடுகிறார்கள் என்று தெரியாது. அதனால் இங்கே ஒரு திரி போடுகிறார்.

இதைச் சொன்னபோது என் கணவர் முதல்முறையாகக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

4

நடுவில் ஒருநாள் பிரஜாவுரிமைப் பதிவுக்கு வரச் சொன்னார்கள். என் கணவரால் வர முடியாததால் கஸ்தூரியோடு நான் போனேன். பிறந்த மாகாணம் எது என்று கேட்டார் மேஜைக்காரர். பழைய பாஸ்போர்ட்டில் சித்தூர் ஜில்லா, சென்னை ராஜதானி என்று இருக்கிறது. சித்தூர் இப்போது ஆந்திராவில் அல்லவா இருக்கிறது என்றார் அவர். விஷயம் தெரிந்தவர்தான். ஆமாம் என்றேன். அப்படியானால் எது சரி என்றார். நாங்கள் பிறந்த வீடு பிறந்த இடத்திலேயேதான் இருக்கிறது, அதைச் சுற்றித்தான் எல்லாம் நகர்ந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். மலாயில் அதைச் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு இந்தியா என்று மட்டும் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்.

அந்த வாரமே கோவிந்தன் வந்தார். நகரித் தறிக்காரக் குடும்பம், இங்கே துறைமுகத்தில் என் கணவரோடு வேலை. லீவில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா முனிரத்தினம், இன்னும் படுத்துக்கினே கீறே? சேதி தெரியுமா ஒனக்கு? ராஜாவ மெட்ராசுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க."

"இன்னாடா ஒளர்றே?"

"திருத்தணி தாலுக்கா மெட்ராசுக்குப் போச்சா? ஏரிக்கரையும் கூடவே போச்சி. நம்ம ஊரு ஆந்திராலயே நின்னுடுச்சி. ராஜா மெட்ராசு ராஜா, ஒங்க கெணறு ஆந்திரா கெணறு. கேசு எப்பிடிப்பா நிக்கும்? சித்தூருக்கு மாத்தச் சொல்லி ஒரு அர்ஜி போடு. எழுந்து நட!"

கஸ்தூரி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் கணவருக்கு வரவில்லை.

"ராஜா குதிர மேல போம்போது ஏதுடா மெட்ராசு, ஏதுடா ஆந்திரா? அவுரு கேட்டுக்கினுதான் கீறாரு."

கோவிந்தன் முகம் மாறியது. விளையாட்டில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவரை நான் கூப்பிட்டேன். வெளி ஆம்பிளையிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அண்ணா, ஊருக்குப் போறீங்கல்ல. இவுங்க அண்ணனப் பாத்து, அந்த முடிச்ச அவுத்துடச் சொல்லுங்க. மண்ண எடுத்துக்கினு வாங்க. இங்க கொட்டிக்கலாம்."

கட்டிலில் இருந்து குரல் வந்தது. "நான் சொன்னேன்னு சொல்லாதே."

"நீ எங்கப்பா சொன்னே? தங்கச்சி சொல்லுது" என்றார் கோவிந்தன்.

5

ஆடி மாதம், திருவிழா நாள். ஊரில் இந்நேரம் குதிரைக்குச் சுண்ணாம்பு அடித்து மாலை போட்டிருப்பார்கள் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பாத்தர் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். கப்பல் வந்த கையோடு கோவிந்தன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மூட்டை முடிச்சுகளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"அவுத்துட்டாரு" என்றார்.

என் கணவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒங்கண்ணனுக்குக் கண்ணு சரியா தெரில இப்போ. குதிர கழுத்துல எத்தினியோ முடிச்சி தொங்குது. தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. தன்னுது எதுன்னு விரலுக்கே தெரிஞ்சிபோச்சி. அங்க பூசை பண்றவன் சும்மா இருக்காம, 'பெரியவரே, ஆந்திராக்காரரு எங்க ராஜா மேல கை வெக்கலாமா'ன்னான். ஒங்கண்ணன் வுடலியே! 'கட்டும்போது ராஜா எனக்குந்தான்டா. அவுக்கும்போது ஒனக்கு மட்டுமாடா?'ன்னாரு. அவன் நவுந்து வழி வுட்டான்."

"எங்கண்ணன் இன்னா சொல்லிச்சி?" என்றார் இவர்.

"'வரணும்னு இல்ல. மிதிச்சிட்டு நடக்கச் சொல்லு'ன்னாரு. அவ்ளோதான்."

பிறகு கோவிந்தன் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்தார். சிவப்புக்கரைத் துண்டின் முனை. வெயிலில் நிறம் செத்து, நடுவில் கிணற்றுச் சேற்றின் காவி படிந்து, முடிந்த இடம் சுருங்கியபடியே இருந்தது. துணிதான் இருந்தது. மண் இல்லை.

"துறைமுகத்துல தெறந்து பாத்தாங்க. இது இன்னான்னாங்க. மண்ணுன்னேன். வெளிதேசத்து மண்ணு உள்ள வரக் கூடாதாம், பயிருக்கு நோவு வருமாம். கெஞ்சிப் பாத்தேன். அவுரு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. டப்பாவுல கொட்டிட்டு, துணிய மட்டும் மடிச்சிக் கையில குடுத்தாரு." கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "வர வழியில ஒரு பூந்தொட்டி இருந்திச்சி. பொய் சொல்ல மாட்டேன், கை அது வரிக்கும் போச்சி. ஒனக்கு எப்பிடித் தெரியப்போவுதுன்னு. அப்பறம் ராஜாக்குத் தெரியுமேன்னு வந்துட்டேன்."

என் கணவர் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மடித்து என்னிடம் நீட்டினார். "மண்ணு இல்லாம ராஜி ஏது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆவணிக்குச் சில நாள்தான் இருந்தது. என் கையில் அந்தத் துணி. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

பாத்தர் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கஸ்தூரியிடம் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு, குதிரை, அண்ணன், துறைமுகம், எல்லாம். அப்பா சொன்னதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டுவைத்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாத்தர் துணியை என் கையிலிருந்து வாங்கவில்லை. எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். கஸ்தூரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் முதுகுக்குச் சொன்னாள்.

"நைனா, அவங்க ஆண்டவரு செத்தப்போ ஒடம்ப வண்டியில எடுத்துக்கினு போனாங்களாம். வழியில சக்கரம் மண்ணுல எறங்கிப்போச்சாம். எத்தினி பேரு இழுத்தும் நவுரலியாம். அப்பறம் ஒருத்தர் பாட்டுப் பாடி, வீட்டுக்குப் போலாம் வாங்கன்னு கூப்ட்டாராம். அப்போதான் வண்டி நவுந்திச்சாம்."

அவர் திரும்பவில்லை.

"ஒடம்ப எங்க பொதச்சாங்கன்னு இன்னிக்கு வரிக்கும் ஒருத்தருக்கும் தெரியாதாம். இவங்க கிட்ட இருந்தது அவரு சட்டையும், கூடாரமும், ஒரு கம்பளிக் காலுறையும்தானாம். அதுக்குத்தான் இத்தினி காலமா வெளக்கு ஏத்தறாங்களாம்."

என் கணவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "ஒரு காலுக்கா?"

கஸ்தூரி பாத்தரிடம் கேட்டாள். அவர் ஒரு விரலைக் காட்டினார்.

"ஒரு காலுக்குத்தானாம்."

"எந்தக் காலு?"

அதையும் கேட்டாள். பாத்தர் உரக்கச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "அது தெரியாதாம், நைனா."

கோவிந்தனும் சிரித்தார். என் கணவர் இந்தப் பக்கம் திரும்பினார். கஸ்தூரி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "துணி போதுமாம், நைனா. ராஜாங்க துணியிலயே இருப்பாங்களாம். மண்ணு எங்கேன்னு கேக்க மாட்டாங்களாம்."

என் மலாய் மீன்கடை மலாய்தான். ஆனால் போதும் என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் தினமும் சொல்வது அதைத்தான். பாத்தர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பாத்தருக்கு அவள் தமிழில் என்ன சொன்னாள் என்று புரியாது. ஆனாலும் அவர், ஆமாம் என்பதுபோல என் கணவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"விரிம்மா" என்றார் என் கணவர்.

கஸ்தூரியே என் கையிலிருந்து துணியை வாங்கினாள். சுருக்கத்தை நீவி, காவி படிந்த இடம் மேலே வரும்படி கட்டிலுக்குக் கீழே விரித்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். இடது கால் தரையில் இருந்தது. வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, அடுத்தவர் பொருளை இறக்கி வைப்பதுபோலத் துணியின் மேல் வைத்தார். பாத்தர் முழங்காலுக்குப் பின்னால் கை கொடுத்தார். மறுபக்கம் என் தோள்.

அவர் கனம் என் தோளில் அழுந்தியது. பிறகு மெல்லக் குறைந்தது. குறைந்த கனம் எங்கே போயிற்று என்று குனிந்து பார்த்தேன். விரல்கள் துணியில் அகலமாகப் பதிந்திருந்தன.

"அண்ணா" என்றார் சத்தமில்லாமல். பிறகு ஏரிக்கரையில் சொல்வதுபோல உரக்க, "ராஜா, ராஜி!" என்றார். பக்கத்து லைன் வீட்டில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

6

மறுநாள் காலையில் அவர் கோவிந்தனோடு துறைமுக ஆபீசுக்கு நடந்து போய்ப் பெயர் கொடுத்தார். மூட்டை தூக்க வேண்டாம், கொஞ்ச நாள் தராசுப் பக்கம் நில் என்றார்களாம். கஸ்தூரி பள்ளிக்கூடம் போனாள். பகலில் மழை பெய்தது. சாயங்காலம் அவர் வந்தபோது இரண்டு செருப்பிலும் சேறு இருந்தது. வாசலில் வைத்துக் கழுவினேன்.